கண்மாய் மீன்வேட்டைக்கு ஊர் அழைக்கும் நாளில் ஆலையில் விடுப்புக் கேட்பது எப்படி?

கேள்வி: கரைவழி (ஓசூர்)

ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்கு அருகே உள்ளது. எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்வேட்டை அறிவிக்கப்படும் நாளில் ஊரில் இருப்பதற்கு விடுப்பை எவ்வாறு பெறுவது என்பதே என் கேள்வி. எங்கள் பக்கத்து வழக்கத்தை அறியாதவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் விளங்க வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாள் முன்கூட்டியே தெரியும். ஊர்த் திருவிழாவுக்குக்கூடக் காப்புக் கட்டும் நாளை நன்றாக முன்னதாகவே பேசி வைத்துவிடுவார்கள். மீன்வேட்டைக்கு அப்படி நாள் குறிக்க இயலாது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய கண்மாய், நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்து முடித்த பிறகு சிறிது சிறிதாக வற்றி, இடுப்பளவுக்கும் பின்னர் முழங்காலளவுக்கும் இறங்கும். மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை உள்ள காலத்தில், இதற்கு மேல் விட்டால் மீன் செத்து மிதக்கும் என்று பெரியவர்கள் கருதும்போது ஊர்க்கூட்டம் போட்டு நாள் சொல்வார்கள். அறிவிப்புக்கும் வேட்டைக்கும் இடையே பெரும்பாலும் மூன்று நாள்தான் இருக்கும். வெயில் கடுமையாக இருந்தால் அதுவும் குறையும். மழை பொய்த்த ஆண்டில் வேட்டையே கிடையாது. ஆகவே இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு போய்க்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

அன்று விடிவதற்கு முன்பே சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் ஊத்தா, கச்சா, பரி ஆகிய மீன்பிடிக் கருவிகளும் வலையுமாகக் கரையில் வந்து நிற்பார்கள். கிராம தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். விரால், குரவை, கெளுத்தி, கெண்டை, ஜிலேபி என்று அவரவர் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கண்மாய் முழுவதும் சேறாகிவிடும். பிடித்த மீனை விற்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. வீட்டில் குழம்பு வைப்பதற்குப் போக மீதியைச் சம்பந்தி வீடுகளுக்கும், இறங்க முடியாத முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவோம். இப்படிப் பிடித்துப் பகிர்ந்து உண்டால் மறு ஆண்டு மழை குறையாது என்பது எங்கள் நம்பிக்கை; நானும் அதை நம்புகிறவன்.

எங்கள் வீட்டுக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. ஊரிலுள்ள கரைகளுக்குள் (பங்காளி வகையறாக்களுக்குள்) முறை வைத்து ஆண்டுக்கு ஒரு கரை பொறுப்பேற்கும். முதல் நாள் இரவு கண்மாய்க்குக் காவல் இருப்பதும், துண்டு வீசுவதற்கு முன் எவரும் இறங்காமல் பார்த்துக்கொள்வதும், பெரியவருடன் கரையில் நிற்பதும் முறைக்காரர்களின் வேலை. வரும் ஆண்டு முறை எங்கள் கரைக்கு வருகிறது. தந்தைக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் இரவெல்லாம் நிற்க இயலாது. தம்பி துபாயில் இருக்கிறான். வீட்டின் சார்பில் நிற்க நான் மட்டுமே இருக்கிறேன்.

ஆலையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மார்ச் மாதம் கணக்காண்டின் முடிவு என்பதால் அனுப்ப வேண்டிய சரக்கெல்லாம் அந்த மாதத்தில்தான் குவிகிறது. மேற்பார்வையாளர்கள் எவருக்கும் அப்போது விடுப்பு இல்லை. மற்ற மாதங்களில் பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். என் ஷிப்டில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். ஹோலிக்கும் சத் பூசைக்கும் அவர்கள் விடுப்புக் கேட்கும்போது, ஆள் போதாது என்று மறுக்கும் இடத்தில் நான்தான் இருக்கிறேன். அவ்வாறு இருக்கையில் மூன்று நாள் அவகாசத்தில் நான் மட்டும் கிளம்புவது முறையாகுமா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது.

உடல்நலமில்லை என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போய்விடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஊர் வழக்கத்தையும் வேலையையும் சேர்த்துக் காத்துக்கொண்டவர்கள் எந்த வழியைக் கையாண்டீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: நிலையாணை (கோயம்புத்தூர்)

தம்பி, நான் கோவையில் பொறியியல் ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். விடுப்பு விண்ணப்பங்களை ஏற்பதும் மறுப்பதுமே என் வேலையாக இருந்தது. ஆகவே மேசையின் மறுபக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

பதினைந்து நாள் என்ற விதி உங்கள் ஆலை தானாக வகுத்துக்கொண்டது அன்று. நாங்கள் பின்பற்றிய 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், 79ஆம் பிரிவில் அது இருந்தது. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு மறு ஆண்டில் கிடைக்கும். அதைக் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேற்படாமல் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இப்போது அதன் இடத்துக்கு வந்துவிட்டதால், எண்ணிக்கைகளை உங்கள் ஆலையின் நிலையாணையில் (எழுதி வைத்த பணி விதிகளில்) ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் அந்த 15 நாள் எதற்காக என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் சிக்கலில் பாதி தீரும். மாற்று ஆள் தேடுவதற்காக நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் அது. அதற்குக் குறைவான அவகாசத்தில் விடுப்புக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் எந்த மேலாளரையும் தடுக்கவில்லை. மாற்று ஆள் யார் என்று நீங்களே சொல்லிவிட்டால் அந்த அவகாசத்தின் தேவையே குறைந்துவிடுகிறது.

என் அனுபவத்தில் மேலாளர்களைக் கோபப்படுத்துவது, ஒருவர் வராமல் போவதைக் காட்டிலும், அவர் வருவாரா மாட்டாரா என்பது காலை ஆறு மணி வரை தெரியாமல் இருப்பதுதான். உங்களுக்கு நாள் தெரியாவிட்டாலும் காலம் தெரியும். ஆகவே நாள் அறிவிக்கப்படும் வரை காத்திருக்காமல் தை மாதத்திலேயே ஒரு கடிதம் கொடுங்கள். இன்ன வாரத்திலிருந்து இன்ன வாரத்துக்குள் இரண்டு நாள் விடுப்புத் தேவைப்படும் என்றும், நாள் தெரிந்த அன்றே தெரிவிப்பதாகவும், அந்த இரண்டு நாளும் உங்கள் ஷிப்டை இன்னார் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார் என்றும் அதில் இருக்க வேண்டும். சம்மதித்தவரின் கையொப்பமும் அதிலேயே இருக்கட்டும். காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். சொந்த வேலை என்று பொதுவாக எழுதினால் அது தள்ளிப்போடத்தக்க வேலை என்றே எண்ணுவார்கள். ஊர்க் கடமை, அதற்கு முறை வைத்து வரும் பொறுப்பு, தண்ணீர் வற்றுவதைப் பொறுத்தே நாள் அமைவது என்ற மூன்றையும் விளக்கினால், படித்துப் பார்க்கும் எந்த மனிதருக்கும் புரியும்.

வார விடுமுறையை மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு. விடுமுறை நாளில் வேலை செய்து, அதற்கு முன் மூன்று நாளிலோ பின் மூன்று நாளிலோ ஒரு முழு நாள் ஓய்வு எடுக்கலாம் என்று 52ஆம் பிரிவு அனுமதித்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது போன்ற வேலைகள் அதில் இருப்பதால் ஒருவருக்காக நிர்வாகம் மெனக்கெடத் தயங்கும். ஆயினும் கேட்டுப் பார்க்கலாம்.

நோய் என்று பொய் சொல்லாதீர்கள் என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன். நடைமுறைக் காரணத்தை முதலில் சொல்கிறேன். மீன்பிடித் திருவிழாப் படங்கள் மறுநாள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வருகின்றன. அன்று மாலையே கைபேசிகளிலும் சுற்றுகின்றன. கரையில் பெரியவருக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்தது தெரிந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். அதைவிடப் பெரிய இழப்பு, நாளைக்கு உங்கள் ஷிப்டில் ஒருவர் காய்ச்சல் என்று சொல்லும்போது அதை நம்பவோ மறுக்கவோ உங்களுக்கு முகம் இருக்காது என்பதே.

அந்த வடமாநில இளைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது உங்கள் மேல் மதிப்புக் கூடியது. அதற்கு விடை, உங்களுக்குக் கேட்கும் அதே ஏற்பாட்டை அவர்களுக்கும் கொடுப்பது. மாற்று ஆளுடன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவருக்கு விடுப்பு உண்டு என்று ஷிப்ட் முழுவதற்கும் ஒரே நடைமுறை வையுங்கள். சத் பூசைக்குப் போகும் ஒருவர் பங்குனியில் உங்கள் ஆட்களில் ஒருவருக்காகக் கூடுதல் ஷிப்ட் பார்க்க மகிழ்ச்சியுடன் முன்வருவார். நான் பணியாற்றிய ஆலைகளில் தேர்த் திருவிழாவும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் இப்படித்தான் நடந்தன.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முறைப்படி கேட்டும் மறுக்கப்பட்ட விடுப்பை வரம்பின்றி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்று பழைய சட்டத்தில் இருந்தது. மற்றபடி மிஞ்சும் விடுப்புக்கு 30 நாள் வரம்பு. எழுத்தில் கேட்பவருக்கே அந்தப் பாதுகாப்பு; வாய்மொழியாகக் கேட்பவருக்குக் கிடையாது.

பதில்: மடைக்கல் (மேலூர்)

எங்கள் ஊர்க் கூட்டத்தில் நாள் குறிப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் ஊரின் பக்கத்தைச் சொல்கிறேன். மேலே எழுதிய ஐயா ஆலையை வளைப்பதற்கு நல்ல வழி சொன்னார். ஊரும் கொஞ்சம் வளைய வேண்டும் என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் என்ன என்று வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் வைத்துப் பார்த்தோம். கண்மாய் தயாராகும் நாளுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கும் இடையே ஐந்தாறு நாள் விழுந்துவிட்டால், சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறி, அதில் உயிர்க்காற்று குறைகிறது. விராலும் குரவையும் மேலே வந்து காற்றைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த வழி இல்லை. அவைதாம் முதலில் செத்து மிதக்கும். காத்திருக்கும் இரவுகளில் களவாக வலை போடுபவர்களைத் தடுக்கக் காவலும் கூட்ட வேண்டும். அதோடு ஞாயிறு என்றால் கூட்டம் பல மடங்காகிறது. கைபேசியில் செய்தி பார்த்து எங்கிருந்தோ வருபவர்களை வர வேண்டாம் என்று சொல்வது ஊருக்கு மரியாதை ஆகாது. சொல்லாவிட்டால் உள்ளூர் ஆளுக்குக் கெண்டைக் குஞ்சுகூட மிஞ்சாது. ஆகவே ஞாயிறு என்பதை எங்கள் ஊர் கைவிட்டது. தண்ணீர் சொல்லும் நாளே நாள் என்று திரும்பவும் முடிவு செய்தோம்.

அதற்கு மாற்றாக ஒன்று செய்கிறோம். மடைக்கு அருகே உள்ள கல்லில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் ஏறக்குறைய எத்தனை நாளில் வேட்டைக்கு வரும் என்பது வயதானவர்களுக்குக் கண்பழக்கத்தில் தெரியும். அந்த மட்டம் வந்ததும், இனி இரண்டு வாரத்துக்குள் நாள் வரும் என்று ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிடுகிறோம். தண்டோரா போடுவது முன்போலவே மூன்று நாளுக்கு முன்புதான். இந்த முன்செய்தியால் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க முடிகிறது. இடையில் கோடைமழை ஒன்று பெய்தால் கணக்குத் தவறும்; அதை அவர்களும் அறிவார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இதைப் பேசிப் பாருங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் கேட்டால்தான் ஊருக்கு இந்தத் தேவை தெரியும்.

குத்தகை விவரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனப் பரப்புள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. அதற்கு மேற்பட்டவை முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்து இப்போது நீர்வளத் துறையிடம் உள்ளன. மீன்பாசிக் குத்தகை (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போயிருந்தால், குத்தகைக்காரர் தமக்கு உரியதைப் பிடித்து முடித்த பிறகே ஊர் இறங்க முடியும். அத்தகைய ஆண்டில் வேட்டை நாள் அவரையும் பொறுத்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே உங்களுக்கு வாரம் தெரிந்துவிடும்.

காவல் முறையைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஆண்டு ஒத்துவரவில்லை என்றால், ஊர்க்கூட்டத்தில் சொல்லி வேறொரு வீட்டாருடன் முறையை மாற்றிக்கொள்ளலாம். அதை எவரும் குறைவாக எண்ணுவதில்லை. சொல்லாமல் வராமல் போவதுதான் குறை.

முயல்வேட்டையும் எங்கள் பக்கம் சிவராத்திரியை ஒட்டி நடந்து வந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். எங்கள் ஊரில் அதை நிறுத்திவிட்டோம், நிறுத்தியதே சரி. அதன்பின் ஊர் மொத்தமும் ஒன்றாக இறங்கும் வேட்டை என்று எங்களுக்கு எஞ்சியிருப்பது இந்தக் கண்மாய் மட்டுமே. அதனால்தான் வெளியூரில் இருப்பவர்கள் எப்பாடுபட்டாவது வர வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு உங்களுக்குச் சுமையாக இருப்பதையும் உணர்கிறேன்.

பதில்: மதுரைச் செவிலி

கரைவழி அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் மதுரையில் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். பிறந்த ஊர் நத்தம் பக்கம். இதுவரை எழுதியவர்கள் ஆண்களின் விடுப்பைப் பற்றியே பேசியதால் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாயில் பெண்களும் கச்சா எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். இறங்கிப் பிடித்த பிறகு வீட்டுக்கு வந்து, சாம்பல் தொட்டு வழுவழுப்பைத் தேய்த்து அத்தனை மீனையும் ஆய்ந்து, அம்மியில் மசாலா அரைத்து, உறவினர் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை பின்மாலை வரை நீள்கிறது. அது எங்களுக்கும் பிடித்த வேலைதான். ஆனால் வேலைக்குப் போகும் பெண் அந்த நாளில் வீட்டில் இருக்க விடுப்புக் கேட்கும்போது, வீட்டாரே அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அண்ணனின் வீட்டில் தங்கையோ மனைவியோ வேலைக்குச் செல்பவராக இருந்தால் அவர்களுடைய விடுப்பையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். இன்னொரு கேள்வியும் உண்டு. முதல் நாள் இரவுக் காவல் ஆண்களுக்கு உரியதாக இருக்கலாம். காலையில் பெரியவருடன் வீட்டின் சார்பில் நிற்பது உங்கள் தங்கையாக இருந்தால் ஊர் ஏற்காதா? எங்கள் ஊரில் கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பெண்கள் நிற்கிறார்கள்.

எங்கள் வேலையில் எல்லோரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்க வழியே கிடையாது. பிரிவில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். யாருக்கு எந்த நாள் முக்கியமோ அதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறோம். புனித வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் போகும் தோழியின் இரவுப் பணியை நான் பார்ப்பேன். என் கண்மாய் நாளில் அவர் பார்ப்பார். என் நாள் மட்டும் குறிப்பேட்டில் தேதியின்றி இருக்கும். முதலில் சிலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது பங்குனி பிறந்தால் அவர்களே, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

பணியில் நான் பார்ப்பதையும் சொல்லியாக வேண்டும். மீன்வேட்டை நடந்த நாள்களில் கெளுத்தி முள் குத்தி வீங்கிய கையுடனும், சேற்றுக்குள் கிடந்த கண்ணாடிச் சில்லு கிழித்த காலுடனும் பலர் வருகிறார்கள். மண் அள்ளிய பள்ளங்கள் உள்ள கண்மாய்களில் தண்ணீர் முழங்காலளவு என்று நம்பி இறங்கி ஆழத்தில் சிக்குபவர்களும் உண்டு. முறைக்காரராக நிற்கப் போகும் அண்ணன், அந்தப் பள்ளங்களில் முதல் நாளே கம்பு நட்டுத் துணி கட்டி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் ஷிப்ட் முடித்த கையோடு ஓசூரிலிருந்து இருசக்கர வண்டியில் கிளம்பாதீர்கள். தூக்கமில்லாத இரவுப் பயணத்தின் விளைவுகளை விபத்துப் பிரிவில் நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். பேருந்தில் வாருங்கள்.

பதில்: ஜூரோங் (சிங்கப்பூர்)

பொன்னமராவதி பக்கத்தைச் சேர்ந்தவன். இங்கே கப்பல் பட்டறையில் வேலை. சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி முதல் ஆண்டில் ஏழு நாள் விடுப்பு. பின்னர் ஆண்டுக்கு ஒரு நாள் கூடி 14 நாள் வரை போகும். அந்த நாள்களை வைத்துக்கொண்டு நாள் தெரியாத ஒரு வேட்டைக்காக விமானச் சீட்டு எடுக்க இயலாது. கண்மாய் நாள் என்று கணித்து ஊருக்கு வந்த ஆண்டில் மழை இல்லாமல் கண்மாய் வறண்டு கிடந்தது. நான் வராத ஆண்டுகளில் மீன் நிறைய அகப்பட்டது.

நிலையாணை ஐயா சொன்ன கடிதம் எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள், தினக்கூலி வாங்குபவர்கள் கடிதம் கொடுத்தால், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் பதில் வரும். கரைவழி நிரந்தரப் பணியில், மேற்பார்வையாளராக இருக்கிறார். கேட்கும் இடத்தில் இருக்கிறார். ஓர் இரவுப் பயணத்தில் ஊர் இருக்கும்போது அவர் கேட்காமல் இருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

எங்கள் வீட்டில் எனக்குரிய ஊத்தாவை அண்ணன் மகன் எடுத்துக்கொண்டு இறங்குகிறான். கரையில் நின்று என் அண்ணன் காணொளி அழைப்பில் காட்டுவார். நான் அப்போது வேலையில் இருந்தால் பார்க்க முடியாது. இடைவேளையில் பதிவைப் பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்கு வாய்க்கிறது. வாய்ப்பு உள்ளவர்கள் போங்கள்.

மறுமொழி: கரைவழி (ஓசூர்)

எல்லோருக்கும் நன்றி. நாளை அறிவதற்கு முன் விடுப்புக் கேட்க முடியாது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். காலத்தைச் சொல்லிக் கேட்கலாம் என்பது பெரிய தெளிவு. சக மேற்பார்வையாளர் ஒருவர் திருச்சிக்காரர். வைகுண்ட ஏகாதசிக்கு அவருடைய ஷிப்டை நான் பார்ப்பது, என் இரண்டு நாளை அவர் பார்ப்பது என்று இன்று பேசி முடித்தோம். ஷிப்டில் உள்ள மற்றவர்களுக்கும் இதே நடைமுறையை வைக்கலாமா என்று மேலாளரிடம் கேட்கப் போகிறேன். ஹோலியும் மார்ச்சில்தான் வருகிறது என்பதால் அவர் முழுமையாக ஏற்பது கடினம். பாதி ஏற்றாலும் தொடங்கிவிடுவேன்.

ஊரில் அப்பாவிடம் மடைக்கல் ஐயா சொன்ன முன்செய்தியைப் பற்றிப் பேசினேன். பெரியவர்களிடம் கொண்டுபோவதாகச் சொன்னார். காவல் முறையை மாற்றிக்கொள்வதில் அவருக்கு உடன்பாடு இல்லை. இத்தனை ஆண்டு கழித்து வரும் முறையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்கிறார். எனவே இரவுக் காவலுக்குப் பெரியப்பா மகனும், காலையில் நானும், நான் வர இயலாமல் போனால் தங்கையும் நிற்பது என்று வைத்திருக்கிறோம். தங்கை நிற்பதற்கு அப்பா உடனே சம்மதித்தார். பள்ளங்களுக்கு அடையாளம் வைக்கும் யோசனையையும் எடுத்துக்கொண்டார்.

ஒரு முடிவு மட்டும் எனக்குக் கடினமாக இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் நாள் விழுந்தால் நான் போகப் போவதில்லை. அந்த வாரத்தில் என் இடத்தில் எவரை நிறுத்தினாலும் அவருக்கும் அது இரட்டைச் சுமை. என் ஷிப்டில் உள்ளவர்கள் அனைவரும் அப்போது கூடுதல் நேரம் பார்க்கிறார்கள். இதை வீட்டில் இப்போதே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான்.

பதில்: நிலையாணை (கோயம்புத்தூர்)

அந்த விலக்கை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள் தம்பி. மார்ச் 25 முதல் 31 வரை இந்த விடுப்பைக் கோரமாட்டேன் என்ற ஒரு வரி, மற்ற வாரங்களுக்கான உங்கள் கோரிக்கைக்குப் பெரிய வலு சேர்க்கும். சிங்கப்பூர்த் தம்பி சொன்னது சரிதான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு நான் சொன்ன வழி போதாது. அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் உங்களைப் போன்ற மேற்பார்வையாளர்கள்தாம். உங்கள் நடைமுறையில் ஒப்பந்த ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாள் தெரிந்ததும் மேலாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதே நேரத்தில் அந்தக் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்.